மூடியின் மேல் எழுதிய சொல்

பழைய உலோகக் கட்டுமானப் பொம்மைப் பெட்டி ஒன்றுக்கு வயது கணிப்பவர்கள் உள்ளேயிருந்து ஒரு பட்டையை எடுத்து அதன் முனையைத் தடவிப் பார்ப்பார்கள். முனை நேராக வெட்டப்பட்டு, நீள ஓரங்கள் மடித்து விடப்பட்டிருந்தால் அது தொடக்கக் காலத்தது, 1901க்கும் 1907க்கும் இடைப்பட்டது. முனை வளைவாக, தகடு தடிமனாக, மேலே நிக்கல் முலாம் பளபளத்தால் அதற்குப் பிந்தியது. நிறம் பூசியிருந்தால் 1926க்கு முன்னால் போகவே முடியாது. கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியாலேயே இருபது ஆண்டுகளைப் பிரித்துவிடும் இந்தத் திறமை எனக்குப் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதால்தான் அதோடு சண்டை போடுகிறேன்.

நம் ஊர்க் கடைகளில் ‘மெக்கானிக்ஸ்’ என்ற பெயரில் விற்கும் பெட்டியைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பொருள் புதிதல்ல. வரிசையாகத் துளையிட்ட உலோகப் பட்டைகள், தகடுகள், சக்கரங்கள், அச்சுக்கம்பிகள், ஒரு பிடி போல்ட்டும் நட்டும், ஒரு சின்ன ஸ்பேனர். இவற்றை முடுக்கிப் பாரந்தூக்கி செய்யலாம். பிரித்துப் போட்டுப் பாலம் செய்யலாம். இதன் மூலம் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரம். ஃபிராங்க் ஹார்ன்பி என்ற, இறைச்சி இறக்குமதி வணிகர் ஒருவரிடம் கணக்கெழுதிக்கொண்டிருந்த மனிதர் 1901இல் காப்புரிமை பெற்றார். ‘எளிதாக்கப்பட்ட இயந்திரவியல்’ என்று பொருள்படும் பெயரில் 1902 வாக்கில் அது கடைக்கு வந்தபோது அதில் இருந்தவை 16 வகை உறுப்புகள். கூடவே 12 மாதிரிகளைச் செய்து பார்க்க ஒரு விளக்கத் தாள். விலை ஏழரை ஷில்லிங். 1907இல் ‘மெக்கானோ’ என்ற வணிகப் பெயர் பதிவானது. 1914 முதல் லிவர்பூலின் பின்ஸ் ரோட்டில் இருந்த தொழிற்சாலைதான் அதன் தாய்வீடு. அமெரிக்காவில் இதற்குப் போட்டியாக ஆல்ஃபிரட் கார்ல்டன் கில்பர்ட் 1913இல் ‘எரெக்டர்’ பெட்டியைக் கொண்டுவந்தார்.

வயது கணிக்கும் கலையின் சாரம் நிறத்தில் இருக்கிறது. காப்புரிமையின் வெள்ளிவிழாவான 1926இல் மெக்கானோ நிறம் பெற்றது. முதல் ஆண்டு தகடுகள் வெளிர்சிவப்பு, பின்னல் சட்டங்கள் பட்டாணிப் பச்சை. அடுத்த ஆண்டே பட்டைகள் அடர்பச்சை, தகடுகள் கருஞ்சிவப்பு என்று மாறிவிட்டன. ஆகவே பட்டாணிப் பச்சையில் ஒரு சட்டம் கிடைத்தால் அது ஏறத்தாழ ஒரே ஆண்டின் பொருள். 1934இல் பட்டைகள் பொன்னிறமாயின, தகடுகள் நீலமாயின, அந்த நீலத்தில் பொன் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடின, அதுவும் ஒரு பக்கத்தில் மட்டும். ஆனால் பொன்னும் நீலமும் பிரிட்டனுக்குள் விற்கத்தான். வெளிநாட்டுக்குப் போன பெட்டிகளில் சிவப்பும் பச்சையுமே தொடர்ந்தன. போருக்குப் பின் 1945இல் பிரிட்டனிலும் அவை திரும்பின. சிவப்பு-பச்சைப் பெட்டியைக் கண்டவுடன் போருக்குப் பிந்தையது என்று சொல்லிவிடக் கூடாது. அது எந்தக் கரையில் இறங்கியது என்று கேட்க வேண்டும். 1964இல் லைன்ஸ் சகோதரர்கள் நிறுவனம் மெக்கானோவை வாங்கிய ஆண்டிலேயே மஞ்சள், கறுப்பு, வெள்ளி நிறங்கள் வந்தன. 1970இல் மஞ்சள், நீலம், துத்தநாகப் பூச்சு.

நிறம் கைவிட்டால் எண் இருக்கிறது. 1934இல் பெட்டிகளுக்கு ஆங்கில எழுத்துகளால் பெயரிட்டார்கள். 1937இல் 0 முதல் 10 வரை எண்ணிட்டார்கள். 10ஆம் எண் பெட்டி, இழுப்பறைகள் கொண்ட மர அலமாரியாகவே வரும். எண்ணும் அழிந்திருந்தால் கையேட்டின் கடைசிப் பக்கம். அங்கே அச்சகக் குறியீடு ஒன்று பொடி எழுத்தில் இருக்கும். தெரிந்தவர்கள் அதிலிருந்து மாதத்தையும் ஆண்டையும் எத்தனை ஆயிரம் பிரதி அச்சானது என்பதையும் படித்துவிடுவார்கள்.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த வேலை அந்நியமானதல்ல. அகச்சான்று, புறச்சான்று, பாடவேறுபாடு, இடைச்செருகல் என்று நாம் வகுப்பில் சொல்பவை எல்லாம் இங்கே தகடாகவும் திருகாணியாகவும் கிடக்கின்றன. 1927ஆம் ஆண்டுத் தகடுகளுக்கு நடுவே 1950களின் சக்கரம் ஒன்று கிடந்தால் சேகரிப்பாளர் முகம் சுளிக்கிறார். பிற்காலத்தார் பாடிச் சேர்த்த செய்யுளைக் கண்ட பதிப்பாசிரியர் முகமும் அப்படித்தான் சுளிக்கும். இரண்டு இடத்திலும் ஓர் ஆசை இருக்கிறது: ஒரே காலத்தில், ஒரே கையால் ஆன, கலப்பற்ற மூலம் வேண்டும் என்ற ஆசை.

மெக்கானோவைப் பொறுத்தவரை இந்த ஆசைக்கு அடிப்படையே இல்லை. இந்தப் பொம்மை கலப்பதற்கென்றே விற்கப்பட்டது. 1ஆம் எண் பெட்டி வைத்திருக்கும் வீட்டில் அடுத்த கிறிஸ்துமசுக்கு ‘1ஏ’ என்ற துணைப்பெட்டியை வாங்கினால் அது 2ஆம் எண்ணாகிவிடும். ‘2ஏ’ வாங்கினால் 3. பணம் சேரச் சேர பெட்டி வளரும். போல்ட் தொலைந்தால் போல்ட்டை மட்டும் வாங்கலாம். 1901இல் ஹார்ன்பி துளைகளுக்கு இடையே வைத்த அரை அங்குல இடைவெளி பிறகு மாறவே இல்லை என்பதால் அப்பாவின் நிக்கல் பட்டையும் பிள்ளையின் பச்சைப் பட்டையும் ஒரே போல்ட்டில் சேர்ந்தன. மூன்று காலத்து நிறமும் கலந்து கிடக்கும் பெட்டிதான் சரியாக வாழ்ந்த பெட்டி. ஏலச் சந்தையில் அதற்கு மதிப்பில்லை. உறுப்புகள் அட்டையில் நூலால் கட்டியபடியே இருக்கும், யாரும் அவிழ்க்காத பெட்டிக்குத்தான் விலை. விளையாடிய தேய்மானம் என்பது அங்கே ஒரு குறை. கைபடாதது என்பது உயர்ந்த தகுதி. திருமண விளம்பரப் பக்கங்களைப் படித்துப் பழகிய நமக்கு இந்த மொழி எங்கிருந்து வருகிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

இனி மூடிக்கு வருவோம்.

பதிப்பியல் வகுப்பில் நான் சில ஆண்டுகளாக ஒரு பயிற்சி தருகிறேன். பழைய பெட்டி மூடிகளின், விளம்பரங்களின் நகல்களைக் கொடுத்து, படத்திலும் எழுத்திலும் உள்ள சான்றுகளை வைத்துக் காலம் சொல்லச் சொல்வேன். மூடிப் படத்தில் பையன் இருப்பான். அரைக்கால் சட்டை, பக்கம் வாரிய தலை, முன்னால் அவனைவிட உயரமான பாரந்தூக்கி. சில மூடிகளில் பின்னால் அப்பா நின்று பார்ப்பார். மாணவியர் காற்சட்டையின் நீளத்தையும் சட்டைக் கழுத்தையும் அச்செழுத்தின் வடிவத்தையும் வைத்து நன்றாகவே வாதாடுவார்கள். ஒருமுறை ஒரு மாணவி மட்டும் எதுவும் எழுதாமல் இருந்தாள். கேட்டதற்கு, “எப்ப செஞ்சதுன்னு கேக்குறீங்கம்மா. யாருக்குச் செஞ்சதுன்னு அவங்களே மேல எழுதி வச்சிருக்காங்களே, அதுக்கு வயசு கேக்க மாட்டீங்களா?” என்றாள்.

அவள் சொன்ன அந்தச் சொல்லைத் தமிழில் எழுதுவதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. ஆங்கிலத்தில் மெக்கானோவின் விளம்பர வாசகம் பையன்களுக்கான பொறியியல் என்று அறிவித்தது. எரெக்டர் விளம்பரம் பையன்களைக் கூவி அழைத்து நிறையப் பொம்மை செய்யச் சொன்னது. இவற்றை நம்மவர்கள் மொழிபெயர்த்தால் கை தானாகவே ‘சிறுவர்’ என்று எழுதும். சிறுவர் பலர்பால். சிறுவர் இலக்கியம், சிறுவர் பூங்கா என்றெல்லாம் சொல்லும்போது சிறுமியும் அதற்குள் இருப்பதாகவே வைத்துக்கொள்கிறோம். ஆக, தமிழுக்கு வந்தவுடன் அந்த வாசகம் நல்ல பிள்ளையாகிவிடுகிறது. அது வெளியே நிறுத்தியவளை நம் இலக்கணம் உள்ளே அழைத்து உட்காரவைத்து, அவள் வெளியே நின்ற தடயத்தையும் துடைத்துவிடுகிறது. இந்தக் கட்டுரையில் நான் பையன்கள் என்றே எழுதுகிறேன். காதுக்கு இடறினால் இடறட்டும்.

அந்தச் சொல்லுக்கு ஒரு வயது உண்டு. 1901 ஜனவரி 9 அன்று ஹார்ன்பி விண்ணப்பித்த காப்புரிமையின் தலைப்பு, குழந்தைகளுக்கும் இளையோருக்குமான பொம்மை அல்லது கல்விக் கருவிகளில் மேம்பாடு என்று பொருள்படுவது. குழந்தைகள், இளையோர். அவ்வளவுதான். கருவி என்ன செய்யும் என்று சட்டத்தின் முன் துல்லியமாக விவரிக்க வேண்டியிருந்த ஆவணத்துக்குப் பையன் தேவைப்படவில்லை. பட்டை, துளை, போல்ட், அச்சு ஆகியவற்றின் விளக்கத்தில் அவனுக்கு இடமும் இல்லை. விற்பனைக்குத்தான் அவன் தேவைப்பட்டான். 1910களிலும் 1920களிலும் விளம்பரம் பெருகப் பெருக அவன் மூடியில் ஏறி, கையேட்டுக்குள் புகுந்து, 1916இல் தொடங்கிய மெக்கானோ இதழின் வாசகனாக உட்கார்ந்தான். 1919இல் மெக்கானோ கில்டு என்ற சங்கம் அமைந்தபோது அதன் முதல் நோக்கமே ஒவ்வொரு பையனின் வாழ்வையும் ஒளியும் மகிழ்ச்சியும் உள்ளதாக்குவது என்று எழுதப்பட்டது. இலக்கிய வரலாற்றில் இதை நாம் என்னவென்று சொல்வோம்? மூலத்தில் இல்லாமல் பின்னால் வந்து சேர்ந்த பாடம். இடைச்செருகலைத் தேடி ஒவ்வொரு திருகாணியையும் புரட்டிப் பார்க்கும் கலை, பெட்டியின் ஆகப் பெரிய இடைச்செருகலை மூடியின் மேலேயே விட்டுவிட்டது.

தோற்றக் கதையும் இதற்கு உடந்தை. தன் மகன்கள் ரோலண்டும் டக்ளசும் விளையாட ஹார்ன்பி வீட்டில் தகரத்தை வெட்டிப் பொம்மை செய்தார், அதிலிருந்து பிறந்தது மெக்கானோ என்பது எல்லா நூல்களும் சொல்லும் கதை. கதை பொய்யல்ல. ஆனால் அவருக்கு பட்ரீஷியா என்று ஒரு மகளும் உண்டு. மனைவி கிளாரா பள்ளி ஆசிரியை. கல்விக் கருவி என்று காப்புரிமைத் தலைப்பில் எழுதியவரின் வீட்டில் கற்பிக்கும் தொழில் தெரிந்தவர் அவர்தான். ஆய்வாளர்கள் கிளாராவைத் திருமணத் தேதியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

இப்படிக் கேட்டால் வரும் பதில் எனக்குத் தெரியும். அந்தக் காலம் அப்படி. இந்தப் பதிலைத்தான் நான் குறை சொல்கிறேன், ஏனென்றால் இதைச் சொல்பவர்கள் காலத்தை இவ்வளவு தளர்வாகப் பேசக்கூடியவர்கள் அல்லர். ஒரு கையேடு எந்த மாதம் அச்சானது என்று சொல்பவர், பட்டாணிப் பச்சைக்கும் அடர்பச்சைக்கும் நடுவே ஓராண்டுக் கோடு கிழிப்பவர், பையன் என்ற சொல்லுக்கு வந்தவுடன் ‘அந்தக் காலம்’ என்கிறார். எந்தக் காலம்? 1899இல் ஹெர்த்தா அயர்ட்டன் பிரிட்டனின் மின்பொறியாளர் நிறுவனத்தில் முதல் பெண் உறுப்பினரானார்; மின்வில் பற்றி ஆய்வு செய்தவர். 1906இல் ராயல் சொசைட்டி அவருக்கு ஹியூஸ் பதக்கம் கொடுத்தது. அதற்கு மறுவருடம்தான் மெக்கானோ என்ற பெயரே பதிவாகிறது. முதல் உலகப் போரில் பிரிட்டனின் பெண்கள் பெருந்திரளாக ஆயுதத் தொழிற்சாலைகளுக்குள் போய்க் கடைசல் இயந்திரம் ஓட்டினார்கள். போர் முடிந்ததும் 1919இல் ஒரு சட்டம் போட்டு, போருக்கு முந்தைய வேலை முறைகளை மீட்டு, அந்த வேலைகளிலிருந்து அவர்களை வெளியே அனுப்பினார்கள். அதே 1919 ஜூனில் ரேச்சல் பார்சன்ஸ், அவர் தாய் கேதரின் பார்சன்ஸ் உள்ளிட்ட சிலர் சேர்ந்து பெண்கள் பொறியியல் சங்கத்தை நிறுவினார்கள். அதே 1919இல்தான் பையன்களின் வாழ்வை ஒளியாக்க மெக்கானோ கில்டு.

இந்த மூன்றையும் ஒரே ஆண்டின் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பெண்ணுக்குப் பொறியியல் தெரியாத காலம் ஒன்றில் அப்பாவித்தனமாக எழுதப்பட்ட சொல் அல்ல அது என்று தெரியும். கடைசல் இயந்திரத்தின் முன்னால் பெண் நின்றதை நாடே பார்த்த பிறகு, அவள் நிற்காதது போல எழுதப்பட்டது. மெக்கானோ நிறுவனத்தார் கூடிப் பேசிச் சதி செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. விற்பனையாளருக்குச் சதி தேவையில்லை. சமூகம் எந்தப் பக்கம் சாய்கிறது என்ற மோப்பம் போதும். அந்த மோப்பம் எந்த ஆண்டில் எப்படி இருந்தது என்பதற்கு மூடி ஒரு நல்ல சான்று. அதைச் சான்றாக எடுங்கள் என்கிறேன்.

பெண்குழந்தையை நிறுவனம் முழுக்க மறந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1930களின் நடுவில் மெக்கானோ நிறுவனமே ‘டாலி வார்டன்’ என்ற பொம்மை வீட்டை விற்றது. பெயர் டிக்கன்ஸ் நாவல் ஒன்றின் அழகிய இளம்பெண்ணுடையது. அதற்கேற்ற உலோகத் தட்டுமுட்டுச் சாமான்கள் டிங்கி டாய்ஸ் வரிசையில் வந்தன: சாப்பாட்டு அறை, படுக்கையறை, சமையலறை, குளியலறை. ஒரே தொழிற்சாலை, ஒரே நிறுவனம். பையனுக்குக் கொடுத்த பெட்டியில் எதுவும் முடிந்திருக்காது. அவன் முடுக்கினால்தான் பாலம். பெண்ணுக்குக் கொடுத்ததில் எல்லாம் முடிந்திருக்கும். அடுப்பு அடுப்பாகவே வரும், அதை எங்கே வைப்பது என்பது மட்டும் அவள் முடிவு. சேகரிப்பாளர் நூல்களில் டாலி வார்டன் தனி அத்தியாயம். மெக்கானோவின் காலவரிசையில் அது இல்லை. ஆனால் 1934இன் பொன்-நீலத் தகடுகளைப் புரிந்துகொள்ள அருகில் வைக்க வேண்டிய பொருள் அதுதான்.

இந்தப் பிரிவினை நமக்குத் தெரிந்ததே என்று தோன்றலாம். கொஞ்சம் நிதானிக்கலாம். நம் பிள்ளைத்தமிழில் ஆண்பாலுக்குரிய பருவங்களில் ஒன்று சிற்றில். தெருமணலில் சிறுமியர் சிறு வீடு கட்டுகிறார்கள். பாட்டுடைத் தலைவனான குழந்தை வந்து அதைக் காலால் சிதைக்கப் பார்க்கிறான். சிதைக்காதே என்று அவர்கள் கெஞ்சுகிறார்கள். பருவத்தின் பெயர் அவனுடையது, கட்டியவர்கள் அவர்கள். பின்னர் வரும் சிறுதேர்ப் பருவத்தில் தச்சன் செய்து கொடுத்த தேரை அவன் உருட்டுகிறான். கட்டுவது பையனின் இயல்பு, அடுக்கிவைப்பது பெண்ணின் இயல்பு என்று லிவர்பூல் மூடி சொன்னதற்கு இது நேர்மாறு. எது இயல்பு என்பது ஊருக்கு ஊர் மாறியது. பெருமை யாருக்குப் போயிற்று என்பது மட்டும் மாறவில்லை.

அமெரிக்காவின் கில்பர்ட் நிறுவனம் 1958இல் சிறுமியருக்கென்று ஓர் ஆய்வகப் பெட்டியே வெளியிட்டது. இளஞ்சிவப்பில். பெயரில் அவளுக்குக் கொடுத்த பதவி விஞ்ஞானி அல்ல, ஆய்வக நுட்புநர். நுண்ணோக்கி கொடுத்தார்கள், அதற்குள் தெரியும் வேலையின் உயரத்தையும் குறித்துக் கொடுத்தார்கள். இன்று ‘பெண்களுக்கான’ அறிவியல் பெட்டி என்று இளஞ்சிவப்பில் எதையாவது வாங்கி வரும் மாமாக்களும் சித்தப்பாக்களும் தாங்கள் எந்த ஆண்டுக்குரிய பொருளைச் சுமந்து வருகிறார்கள் என்று தெரிந்துகொள்வது நல்லது.

மூடியை விட்டு மறுபடி உள்ளே வருவோம். உறுப்புகளை அட்டையில் கட்டியிருந்த நூல். அந்த நூல் அவிழாமலிருந்தால் விலை பல மடங்கு என்றேன். பின்ஸ் ரோடு தொழிற்சாலையின் பழைய புகைப்படங்களைப் பாருங்கள். நீண்ட மேசைகள், வரிசை வரிசையாகப் பெண்கள். பொருத்துகிறார்கள், நிறம் பூசுகிறார்கள், பெட்டியில் அடுக்குகிறார்கள். பையன்களுக்கான பொறியியலைப் பெட்டிக்குள் வைத்தவை பெண்களின் கைகள். சேகரிப்பாளர் உருப்பெருக்கியின் கீழ் வைத்து, மூலமானதுதான் என்று உறுதி செய்யும் அந்த முடிச்சு, அவர்கள் போட்ட முடிச்சு. அதன் மூலத்தன்மைக்கு விலை உண்டு. போட்டவளுக்குப் பெயர் இல்லை. நிறுவனர் பெயர், மாதிரி வடிவமைத்தவர் பெயர், இதழாசிரியர் பெயர் எல்லாம் நூல்களில் இருக்கின்றன.

காலவரிசையின் கடைசித் தேதியிலும் இதே கதைதான். 1979 நவம்பர் 30. லிவர்பூலில் செய்த மெக்கானோவுக்கு அதுவே எல்லைக் கோடு. அதற்குப் பின் அங்கு செய்த பெட்டி கிடையாது. வழிகாட்டி நூல்களில் இது ஒரு வரி. அன்று நடந்தது என்னவென்றால், அப்போதைய உரிமையாளரான ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு மணி நேர அவகாசம்கூடக் கொடுக்காமல் ஆலையை மூடி, ஏறத்தாழ 900 பேரை வீட்டுக்கு அனுப்பியது. தொழிலாளர்கள் போகவில்லை. ஆலைக்குள்ளேயே தங்கி, அதைக் கைப்பற்றிப் பல வாரங்கள் போராடினார்கள். ஒரு பெட்டியின் பிறந்த மாதத்தைக் கணிக்க அச்சகக் குறியீட்டைக் கற்றுக்கொள்ளும் நாம், கடைசிப் பெட்டியைக் கட்டிய கைகள் அன்று மாலை வாசலை மறித்து நின்றன என்பதையும் அதே பட்டியலில் எழுதலாம். எழுதினால் பட்டியல் கெட்டுவிடாது.

பட்டியலில் எங்கும் இடம் கிடைக்காத ஒரு மெக்கானோவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மான்செஸ்டரில் 1934இல் டக்ளஸ் ஹார்ட்ரீயும் ஆர்தர் போர்ட்டரும் மெக்கானோ உறுப்புகளைக் கொண்டு ஒரு கணக்கீட்டு இயந்திரம் செய்தார்கள். வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்ப்பது அதன் வேலை. கிடையாகச் சுழலும் ஒரு தட்டின் மேல் சிறு சக்கரம் ஒன்று செங்குத்தாக நின்று உருளும். தட்டின் மையத்துக்கு அருகே இருந்தால் சக்கரம் மெதுவாகச் சுற்றும், விளிம்புக்குப் போனால் வேகமாகச் சுற்றும். சக்கரத்தை உள்ளும் வெளியும் நகர்த்திக்கொண்டே இருந்தால், அது மொத்தம் சுற்றிய சுற்றுகளே நமக்கு வேண்டிய தொகை. கணிதத்தில் தொகையிடல் என்று பக்கம் பக்கமாகப் போடுவதை இரண்டு உருளைகள் உருண்டு முடித்துவிடும். அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜிலும் இப்படி ஒன்று செய்தார்கள். அது இன்று நியூசிலாந்தின் ஆக்லாந்து அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது. மெக்கானோவின் பெருமையைப் பேசும் எவரும் இந்த இரண்டையும் விடமாட்டார்கள்.

அவர்கள் பலரும் விட்டுவிடுவது பியாட்ரிஸ் வோர்ஸ்லியை. 1921இல் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் கனடாவின் கடற்படை மகளிர் பிரிவில் சேர்ந்து, ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்தார். 1947இல் அமெரிக்காவின் எம்ஐடியில் முதுகலைப் பட்டம். ஆய்வேடு கணக்கீட்டு இயந்திரங்களைப் பற்றியது, அதன் பின்னிணைப்பு இந்த வகை இயந்திரங்களில் பிழை எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றியது. 1948இல் டொரோண்டோ பல்கலைக்கழகத்தின் புதிய கணக்கீட்டு மையத்தில் சேர்ந்தவர், அந்தக் கோடையில் சுமார் 75 டாலர் மதிப்புள்ள மெக்கானோ உறுப்புகளை வைத்து ஹார்ட்ரீ, போர்ட்டர் மாதிரியில் ஓர் இயந்திரத்தைக் கட்டினார்.

சேகரிப்பாளர் கண்ணுக்கு இது ஒரு பெட்டியே அல்ல. மூடி இல்லை, எண் இல்லை, கையேட்டில் இந்த மாதிரி இல்லை. முழுக்க விளையாடித் தேய்ந்தது. ஓர் உறுப்பும் அட்டையில் கட்டியபடி இல்லை. வயது கணிக்கும் விதிகள் ஒன்றுக்கும் அது மசியாது. ஆனால் எந்தக் கோடையில், எந்த ஊரில், யார் கையில் அந்தப் பட்டைகள் சேர்ந்தன என்று இவ்வளவு நிச்சயமாகச் சொல்லக்கூடிய மெக்கானோ உலகில் அதிகமில்லை.

அந்த ஆண்டே வோர்ஸ்லி கேம்பிரிட்ஜுக்குப் போனார். அங்கே கட்டி முடியும் தறுவாயில் இருந்த எட்சாக் கணினி 1949 மே மாதம் தன் முதல் கணக்கைப் போட்டது; ஜூனில் அதன் செயல்விளக்கம் நடந்தபோது அதைப் பற்றிய குறிப்பை எழுதியவர் அவர்தான். ஹார்ட்ரீயின் மேற்பார்வையில் ஆய்வு செய்தவர் டொரோண்டோவுக்குத் திரும்பினார்; 1952இல் முனைவர் பட்டம் பெற்றார். 1965இல் குவீன்ஸ் பல்கலைக்கழகம். 1972இல் இறந்தார், ஐம்பது வயது.